டோக்கியோவில் ஹாங்கோ வாங்குகிறீர்களா? கடைக்கு நாலரை நட்சத்திரம், தந்தத் தட்டுக்கு ஒன்றும் கிடையாது

டோக்கியோவில் வேலை பார்க்கும் நம்மாட்களுக்கு முதல் சில வருடங்கள் ஹாங்கோ, அதாவது கையெழுத்துக்குப் பதில் குத்துகிற பெயர் முத்திரை, இல்லாமலேயே ஓடிவிடும். பல வங்கிகளில் கையெழுத்து வைத்தே கணக்குத் தொடங்கலாம், பார்சல் கொண்டு வருகிறவரும் இப்போதெல்லாம் முத்திரை கேட்பதில்லை. கார் வாங்கலாம், வீட்டுக் கடன் போடலாம் என்று இறங்கும்போதுதான் அது தேவைப்படும். வார்டு ஆபீஸில் பதிவு செய்த முத்திரை, அதாவது ஜிட்சுயின், ஒன்று வேண்டும்; அது உங்களுடையதுதான் என்று வார்டு ஆபீஸ் தரும் சான்றிதழும் கூடவே வேண்டும். மஞ்சள் நம்பர் பலகை போட்ட குட்டிக் காருக்கு இவ்வளவு தேவையில்லை. வெளிநாட்டவர் கையெழுத்துச் சான்று வாங்கிச் சமாளிக்கவும் வழி இருக்கிறது, ஆனால் அதற்கு ஆகும் அலைச்சலில் ஒரு முத்திரையைச் செய்துகொள்வது எளிது.

தனாகா, சுசுகி போன்ற ஜப்பானியக் குடும்பப் பெயர் முத்திரைகள் எல்லாம் நூறு யென் கடையில் வரிசையாகத் தொங்கும். கோபாலகிருஷ்ணனுக்கும் முத்துலட்சுமிக்கும் அங்கே வழியில்லை. ஆன்லைனில் செய்யலாம், விலையும் குறைவு, ஆனால் நம் பெயர் கதகானா என்கிற ஜப்பானிய ஒலியெழுத்தில் வரவேண்டுமா ரோமன் எழுத்தில் வரவேண்டுமா, அப்பா பெயர் சேர வேண்டுமா என்கிற குழப்பத்தை ஒரு வலைப்படிவத்திடம் கேட்க முடியாது. அதனால் நேரில் போவது நல்லது என்று எங்கள் வார்டு ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிற பழைய கடை ஒன்றுக்குப் போனேன். கடை சிறியது, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே காத்திருக்க வேண்டும். நடத்துகிறவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். ஆங்கிலம் சுத்தமாக வராது, ஆனால் வெளிநாட்டுப் பெயர் வைத்து நிறைய முத்திரை செதுக்கிப் பழக்கப்பட்டவர்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே போனதும் பெரியவர் கேட்டது எந்தப் பொருளில் வேண்டும் என்று அல்ல, எதற்கு வேண்டும் என்று. அப்புறம் குடியிருப்புப் பதிவில் பெயர் எப்படி இருக்கிறது என்று காட்டச் சொன்னார். பதிவில் இருக்கிற பெயரும் முத்திரையில் இருக்கிற பெயரும் ஒத்துப்போகாவிட்டால் வார்டு ஆபீஸில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கதகானா வேண்டுமென்றால் அந்தக் கதகானா வடிவமும் பதிவில் ஏறியிருக்க வேண்டும். அளவுக்கும் கட்டுப்பாடு உண்டு, 8 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கும்படி சிறிதாகவும் இருக்கக்கூடாது, 25 மில்லிமீட்டர் சதுரத்தைத் தாண்டவும் கூடாது. இதையெல்லாம் அவரே பொறுமையாகச் சொன்னார். எழுத்து வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டி, நான் சரி என்ற பிறகுதான் வேலையைத் தொடங்கினார். இயந்திரத்தில் முக்கால்வாசி செதுக்கி, கடைசியில் கத்தியால் கையாலேயே ஓரங்களைத் திருத்துகிறார். அச்சு எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது, என் பெயரிலுள்ள நீளமான எழுத்துகள்கூட ஒன்றோடொன்று ஒட்டாமல் விழுகின்றன.

பொருட்கள் என்னென்ன என்றால், கீழ்த்தட்டில் ட்சுகே என்கிற மஞ்சள் நிற மரம். இருப்பதிலேயே மலிவு, கையில் இதமாக இருக்கும், ஆனால் மையைத் துடைக்காமல் வைத்தால் காலப்போக்கில் ஓரம் தேயும், எப்போதாவது எடுத்துப் பார்க்கிற ஜிட்சுயினுக்கு அது பெரிய குறை இல்லை. அடுத்தது எருமைக் கொம்பு, கறுப்பும் உண்டு, வெளிர் நிறமும் உண்டு. பார்க்க அழகு, ஆனால் காய்ந்துபோனால் விரிசல் விடும், பூச்சி அரிக்கும், எண்ணெய் தடவி வைக்கச் சொல்கிறார்கள். டைட்டானியம் இப்போது நன்றாக ஓடுகிறதாம். கனமாக இருக்கும், கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, தீப்பிடித்தாலும் மிஞ்சும் என்று பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வீடு எரிந்தபின் முத்திரை மட்டும் மிஞ்சி என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் வாங்கியது 15 மில்லிமீட்டர் டைட்டானியம், செதுக்குக் கூலி, உறை எல்லாம் சேர்த்து இருபதாயிரம் யென்னுக்குள் முடிந்தது.

மேல்தட்டில்தான் தந்தம். கண்ணாடிப் பெட்டிக்குள், கருநீலப் பட்டுத்துணி விரித்து, வரிசையாக உருளைத் துண்டுகள். நல்ல துண்டுகளில் மெல்லிய வலை போன்ற கோடுகள் தெரிகின்றன. விலை டைட்டானியத்தைப் போல இரண்டு மடங்கில் ஆரம்பித்து ஆறு, ஏழு மடங்கு வரை போகிறது. தந்தத்தின் நடுப்பகுதியில் எடுத்த துண்டுக்கு விலை அதிகம். பக்கத்திலேயே சட்டம் போட்ட ஓர் அறிவிப்பு, கடையின் பதிவு எண்ணும் பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்பதும். அதற்குக் கீழே ஆங்கிலத்திலும் சீனத்திலும் இன்னொரு தாள், இதை ஜப்பானுக்கு வெளியே எடுத்துப்போக முடியாது என்று. டோக்கியோ ஒலிம்பிக்குக்காக வரவிருந்த வெளிநாட்டவரை மனதில் வைத்து அப்போது அரசாங்கம் இப்படிப்பட்ட எச்சரிக்கைகளைத் தயாரித்துப் பரப்பியது.

கவனியுங்கள், இதெல்லாம் திருட்டு வியாபாரம் அல்ல. முழுக்க முழுக்கச் சட்டப்படி நடக்கிற விஷயம். வீரப்பன் காலத்துச் செய்திகளைப் படித்து வளர்ந்த நமக்குத் தந்தம் என்றாலே போலீஸும் காடும்தான் நினைவுக்கு வரும். இங்கே ரசீதோடு, நுகர்வு வரியோடு, பட்டுத்துணியில் வைத்து விற்கிறார்கள். உலகத்தில் இன்று இவ்வளவு பெரிய அளவில் சட்டபூர்வமான உள்நாட்டுத் தந்தச் சந்தையைத் திறந்து வைத்திருக்கிற நாடு ஜப்பான்தான். அந்தத் தந்தத்தில் பெரும்பங்கு, எண்பது சதவீதம் என்று வழக்கமாகச் சொல்வார்கள், போவது இந்த விரல் நீள முத்திரைகளுக்குத்தான்.

"தந்தம்தான் மையை நன்றாகப் பிடிக்கும், வேறு எதிலும் இந்த அச்சு வராது" என்றார் பெரியவர். அது உண்மையாகவே இருக்கலாம். அவரே எடுத்துவைத்திருந்த பழைய அச்சு ஒன்றைக் காட்டினார், அருமையாகத்தான் இருந்தது. சரி, இந்தத் துண்டு எந்த நாட்டு யானையுடையது, எப்போது வந்தது என்று கேட்டேன். கோபப்படவில்லை. "சட்டப்படி சரியான சரக்கு. மொத்த வியாபாரியிடம் துண்டாகத்தான் வாங்குகிறேன். எந்த யானை என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது" என்றார். இந்த நேர்மைக்காகவே கடைக்கு அரை நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கலாம். ஆனால் தந்தத் தட்டுக்கு மதிப்பெண் போடாததற்குக் காரணமும் இதே பதில்தான். அவர் எதையும் மறைக்கவில்லை. சட்டம் அவரிடம் கேட்காத கேள்வியை நான் கேட்டேன், அவ்வளவுதான்.

எப்படி என்று விளக்க வேண்டும், ஏனென்றால் கடையில் நின்று பார்த்தால் எல்லாம் கறாராக இருப்பது போலத்தான் தெரியும். ஜப்பானில் முழுத் தந்தத்தை விற்கவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ வேண்டுமானால் பதிவு செய்தாக வேண்டும். வீட்டில் சும்மா வைத்திருப்பதற்குப் பதிவு தேவையில்லை. வெட்டிய துண்டு ஒரு கிலோ எடையையும் 20 சென்டிமீட்டர் நீளத்தையும் எட்டினால் அதற்கு வியாபாரி ஒரு சீட்டு எழுதி வைக்க வேண்டும். வியாபாரிகள் 2018 முதல் வெறுமனே தகவல் கொடுத்தால் போதாது, அரசாங்கத்திடம் பதிவு பெற வேண்டும், கணக்குப் புத்தகம் எழுத வேண்டும். மீறினால் தனி ஆளுக்கு ஐந்து வருடம் வரை சிறை, நிறுவனத்துக்குப் பத்துக் கோடி யென் வரை அபராதம். பலமான சட்டம்தான். ஆனால் நான் கையில் பிடித்துப் பார்த்த 6 சென்டிமீட்டர் உருளைக்கு எந்தப் பதிவும் தேவையில்லை, எந்தத் தந்தத்திலிருந்து வெட்டியது என்று காட்டும் எண்ணும் அதில் கிடையாது. விருப்பப்பட்டால் ஒட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வில்லை இருக்கிறது, கட்டாயம் இல்லை. நம்மூரில் அரைப் பவுன் மோதிரத்தில்கூட ஹால்மார்க் எண்ணை லென்ஸ் வைத்துத் தேடுகிறோம். இங்கே அதைவிடப் பிரச்சினையான ஒரு பொருளில் அப்படி எதுவும் இல்லை.

முழுத் தந்தத்துக்கான பதிவும் நெடுங்காலம் எப்படி நடந்தது தெரியுமா? 1990இல் வந்த சர்வதேசத் தடைக்கு முன்னால் வாங்கியது என்பதற்கு வேறு ஆதாரம் இல்லையென்றால், ஆமாம், தாத்தா வீட்டுக் கூடத்தில் பார்த்திருக்கிறேன் என்பது போல இன்னொருவர் எழுதிக்கொடுத்தாலே ஏற்றுக்கொண்டார்கள். 2019 ஜூலையில்தான் இதை மாற்றிக் கார்பன் தேதிச் சோதனையைக் கொண்டு வந்தார்கள். ஐம்பது, அறுபதுகளில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன் 14 என்கிற கதிரியக்கக் கார்பன் எகிறியது. அது யானை தின்ற புல் வழியாகத் தந்தத்திலும் பதிந்திருக்கும் என்பதால், அந்தத் தந்தம் எந்தக் காலத்தில் வளர்ந்தது என்று ஓரளவு துல்லியமாகச் சொல்லிவிட முடியும். நல்ல மாற்றம். ஆனால் அதற்கு முன்பு பதிவான ஆயிரக்கணக்கான தந்தங்கள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டன, துண்டாகிவிட்டால் அவற்றுக்கு இந்தச் சோதனையும் இல்லை.

இவ்வளவு சிக்கலில் ஜப்பான் ஏன் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது? சும்மா பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. எண்பதுகளில் இந்த நாடு ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான டன் தந்தத்தை இறக்குமதி செய்தது. அந்தப் பத்து வருடத்தில் ஆப்பிரிக்க யானைகள் 13 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 6 லட்சமாகக் குறைந்தன. 1989 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கூடிய சைட்டிஸ், அதாவது அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் மாநாடு, ஆப்பிரிக்க யானையை வியாபாரத்தைத் தடுக்கிற முதல் பட்டியலில் சேர்த்தது, 1990 ஜனவரியிலிருந்து சர்வதேச வியாபாரம் நின்றது. ஜப்பான் நினைத்திருந்தால் விலக்கு அறிவித்துவிட்டு வாங்கிக்கொண்டே இருந்திருக்கலாம், விதியில் அதற்கு இடம் உண்டு. ஆனால் விலக்குக் கேட்கவில்லை. அடுத்த மாநாட்டை 1992இல் கியோட்டோவில் நடத்தப் போகிற நாடு அப்படிச் செய்தால் யார் முகத்திலும் விழித்திருக்க முடியாது என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும். இறக்குமதி நின்றது. ஆனால் ஏற்கெனவே குவிந்திருந்த இருப்பு? அதை வாங்கினவர் சட்டப்படிதான் வாங்கினார். சட்டப்படி வாங்கிய சொத்தை ஒரே நாளில் மதிப்பற்றதாக ஆக்க எந்த அரசாங்கமும் தயங்கும். இன்றைக்கும் இந்த நாட்டில் கணக்கில் உள்ள தந்தம் 200 டன்னுக்கு மேல்.

இதில் தென் ஆப்பிரிக்கப் பகுதி நாடுகளின் கதையைச் சேர்த்தால்தான் சிக்கல் முழுதாகப் புரியும். போட்ஸ்வானாவில் மட்டும் சுமார் 1,30,000 யானைகள். அங்கே பயிரை மிதிக்கிற யானை, கிணற்றை உடைக்கிற யானை, ஆளைக் கொல்கிற யானை எல்லாம் தினசரிப் பிரச்சினை. கோயம்புத்தூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வேட்டையாடாமலே, இயல்பாகச் செத்த யானைகளின் தந்தம் அரசாங்கக் கிடங்குகளில் சேர்ந்துகொண்டே போகிறது, அதைக் காவல் காக்கவே செலவாகிறது. ஜிம்பாப்வே 2022இல் சொன்ன கணக்குப்படி அவர்களிடம் மட்டும் 130 டன். எங்கள் யானையை நாங்கள் காப்பாற்றினோம், செத்த யானையின் தந்தத்தை விற்று அந்தப் பணத்தை மிச்ச யானைகளுக்கும் பக்கத்து ஊர் மக்களுக்கும் செலவு செய்கிறோம், அதைத் தடுக்க நீங்கள் யார் என்பது அவர்கள் வாதம். கென்யா இதற்கு நேர் எதிர். 1989இல் 12 டன்னையும் 2016 ஏப்ரலில் 105 டன்னையும் தீ வைத்து எரித்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று நாம் சொல்வதில் ஜிம்பாப்வே இரண்டாம் பாதியை நம்புகிறது, கென்யா முதல் பாதியை வைத்துக்கொண்டு இரண்டாவதை எரித்துவிட்டது.

விற்றுப் பார்க்கவும் பார்த்தார்கள். 1997இல் ஹராரே மாநாட்டில் முடிவெடுத்து, 1999இல் போட்ஸ்வானா, நமீபியா, ஜிம்பாப்வே மூன்றும் சுமார் 50 டன்னை ஜப்பானுக்கு மட்டும் விற்றன. 2008இல் தென் ஆப்பிரிக்காவும் சேர்ந்துகொண்டு நான்கு நாடுகளாக 100 டன்னுக்குச் சற்று அதிகமாக ஏலம் விட்டன, இந்த முறை சீனாவும் ஜப்பானும் வாங்கின. கிடைத்த மொத்தப் பணம் சுமார் ஒன்றரைக் கோடி டாலர், கிலோவுக்கு 150 டாலர் அளவில்தான் விழுந்தது. ஆறு வருடம் கழித்து, 2014இல், சீனச் சந்தையில் பச்சைத் தந்தம் கிலோ 2,100 டாலருக்குப் போனது. ஆக யானை வளர்த்த நாட்டுக்குக் கிடைத்தது இந்த நூற்றைம்பதுதான், மற்றதெல்லாம் நடுவில் இருந்தவர்களுக்கு. அந்த ஆண்டுகளில்தான் தான்சானியா தன் யானைகளில் பாதிக்கு மேல் இழந்தது. 2008 விற்பனைதான் கள்ள வேட்டையைத் தூண்டியது என்று சாலமன் சியாங், நிதின் சேகர் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் 2016இல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள், ஏறத்தாழ 66 சதவீதம் கூடியது என்று. அந்தக் கணக்குப் போட்ட முறையே சரியில்லை என்று வேறு சிலர் மறுத்தார்கள். சீனாவில் வசதி பெருகியதுதான் காரணம் என்பது அவர்கள் கட்சி. எனக்குப் படுவது, இரண்டையும் பிரித்தே பார்க்க முடியாது. கையில் பணம் புரளும் நேரத்தில் இது சட்டப்படி சரியான சரக்கு என்கிற பெயரும் கிடைத்தால் வாங்க மாட்டேன் என்பவர் யார்?

2016இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில், கள்ள வேட்டைக்கோ கள்ளக் கடத்தலுக்கோ துணைபோகிற உள்நாட்டுச் சந்தைகளை நாடுகள் மூடிவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஜப்பானும் அதற்கு ஒத்துக்கொண்டது. எப்படி ஒத்துக்கொண்டது என்பதுதான் வேடிக்கை. எங்கள் சந்தை கள்ளக் கடத்தலுக்குத் துணைபோகவில்லை, ஆகவே இந்தத் தீர்மானம் எங்களைக் குறிக்கவில்லை என்று அர்த்தம் எடுத்துக்கொண்டது. வருடா வருடம் வெளியுறவுத் துறைக்காரர்கள் போய் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பானுக்குள் கடத்தி வருவது இப்போது குறைவு என்பது உண்மைதான், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பிரச்சினை வெளியே போகிற வழியில். ஜப்பானிலிருந்து கிளம்பிய தந்தத்தை, அதில் மிகப் பெரும்பகுதியைச் சீனாவில், 2011 முதல் 2016 வரை இரண்டு டன்னுக்கு மேல் பிடித்திருக்கிறார்கள். சீனா 2017 முடிவில் தன் சந்தையை மூடியது, ஹாங்காங் 2021 முடிவில். சுற்றியிருக்கிற கடைகளெல்லாம் அடைத்துவிட்ட பிறகு, திறந்திருக்கிற பெரிய கடைக்கு எப்படிப்பட்டவர்களெல்லாம் வருவார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அரசாங்கம் நகரவில்லை என்றாலும் வியாபாரிகள் நகர்ந்துவிட்டார்கள். இணையச் சந்தைகளான ரகுதென், மெர்காரி 2017இலேயே தந்த விற்பனையை நிறுத்தின, யாஹு ஜப்பான் 2019 நவம்பரில். இயோன் மால்களும் நிறுத்தின. டோக்கியோ மாநகர அரசு தன் பங்குக்கு ஒரு நிபுணர் குழு போட்டு ஆலோசித்தது. அப்புறம் இன்னொரு பக்கத்திலிருந்து ஹாங்கோவுக்கே அடி விழுந்தது. 2020இல் கொரோனா நேரத்தில், காகிதத்தில் முத்திரை குத்துவதற்காக மட்டும் ஊழியர்கள் ரயிலேறி ஆபீஸ் போன கூத்தைப் பார்த்துவிட்டு, அப்போதைய நிர்வாகச் சீர்திருத்த அமைச்சர் கோனோ தாரோ அரசாங்க நடைமுறைகளில் முத்திரையைத் தூக்கிவிடுகிறோம் என்று கிளம்பினார். முத்திரைத் தொழிலுக்குப் பேர்போன யாமானாஷி மாகாணத்தின் ஆளுநர் அதற்கு வெளிப்படையாகவே எரிச்சல் பட்டார். ஏறத்தாழ 15,000 நடைமுறைகளில் 99 சதவீதத்துக்கு மேல் முத்திரை போய்விட்டது, ஜிட்சுயின் தேவைப்படுகிற சில மட்டும் தப்பின. அதாவது நானும் நீங்களும் இந்தக் கடைக்குப் போகக் காரணமான அந்தச் சில.

ஒரு கேள்வி எனக்கு விடாமல் ஓடுகிறது. தேவையே இப்படிச் சுருங்கிக்கொண்டு வரும்போது முத்திரைக்கான தந்தத்தை மட்டுமாவது நிறுத்துவதில் அரசுக்கு என்ன நஷ்டம்? தொழிலாளர் என்று பார்த்தால், இதே பெரியவர் டைட்டானியத்திலும் மரத்திலும் அதே கையால்தான் செதுக்குகிறார், அவர் வேலை எங்கும் போய்விடாது. ஷாமிசென் விஷயம் வேறு. அந்த நரம்பிசைக் கருவியை மீட்டுகிற விசிறி வடிவப் பட்டை, நரம்பைத் தாங்குகிற பாலம், கோதோ என்கிற இன்னொரு நரம்பிசைக் கருவியை வாசிக்கிறவர் விரலில் மாட்டுகிற நகம் இவற்றுக்கெல்லாம் தந்தம்தான் சரியான நாதம் தரும் என்று கலைஞர்கள் சொல்கிறார்கள். மாற்றுப் பொருளில் வாசித்தால் தங்கள் காதுக்கே தெரிகிறது என்கிறார்கள், நாதத்தைப் பற்றி அவர்களோடு நான் வாதாட மாட்டேன். அதற்கு மட்டும் ஒரு குறுகிய விலக்குக் கொடுத்துவிட்டு மற்றதை மூடலாமே. பிரிட்டன் அப்படித்தான் செய்தது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த அவர்கள் சட்டத்தில், 1975க்கு முன் செய்த, தந்தம் 20 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள இசைக்கருவிகளை விற்க அனுமதி உண்டு, அதற்கும் பதிவு வேண்டும். ஜப்பானில் முழுசும் அல்லது ஒன்றுமில்லை என்பது போலவே பேசுகிறார்கள். இசைக்கலைஞரின் நியாயமான தேவை முன்னால் நிற்கிறது, அதன் முதுகுக்குப் பின்னால் முத்திரை வியாபாரம் ஒளிந்துகொள்கிறது.

நம் நாட்டை உதாரணம் காட்டலாமா என்றால், பாதிவரை காட்டலாம். 1986இல் இந்தியத் தந்த வியாபாரத்துக்கும், 1991இல் கொண்டுவந்த திருத்தத்தால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தந்தத்துக்கும் சேர்த்துக் கதவடைத்தார்கள். தந்த வியாபாரிகள் நீதிமன்றம் போனார்கள், எங்கள் கையிருப்பு சட்டப்படி வாங்கியதுதானே என்று. இன்றைக்கு ஜப்பான் சொல்கிற அதே வாதம். 2003இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பல்லாயிரம் வருடம் முன் அழிந்துபோன மாமத் தந்தமானாலும் தந்தம் தந்தம்தான், பார்த்தால் பிரித்தறிய முடியாதபோது விலக்குக் கிடையாது என்று முடித்துவிட்டது. திருவனந்தபுரத்துச் சிற்பிகள் மரத்துக்கும் எலும்புக்கும் மாறினார்கள், அதில் நொடித்துப்போன குடும்பங்களும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனால் இதே இந்தியா 2022 நவம்பரில் பனாமா மாநாட்டில், தென் ஆப்பிரிக்கப் பகுதி நாடுகள் மறுபடி தந்தம் விற்க அனுமதி கேட்ட தீர்மானத்தின்போது எதிர்த்து ஓட்டுப் போடவில்லை, ஒதுங்கிக்கொண்டது. அந்தச் செப்டம்பரில்தான் நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகள் மத்தியப் பிரதேசத்துக் குனோ பூங்காவுக்கு வந்திறங்கியிருந்தன. தீர்மானம் எப்படியும் தோற்றது. தொடர்பு இருந்ததா என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை, நான் வரிசையை மட்டும் சொல்கிறேன்.

மாமத் பேச்சு வந்ததால் ஒன்று. இந்தக் கடையில் தந்தத்துக்குப் பக்கத்துத் தட்டில் சைபீரிய மாமத் தந்த முத்திரையும் இருக்கிறது. யானையைக் கொல்லாமல் கிடைத்தது என்று சொல்லி விற்பார்கள். அது உண்மைதான். ஆனால் மேலே சொன்ன தீர்ப்பினால் இந்தியாவுக்குள் அதுவும் தந்தம்தான். தந்த ஹாங்கோவைப் பையில் போட்டுக்கொண்டு சென்னையில் இறங்கினால் நீங்கள் இரண்டு நாட்டுச் சட்டத்தை மீறியவர் ஆவீர்கள், ஜப்பானிலிருந்து வெளியே எடுத்த குற்றம் ஒன்று, இந்தியாவுக்குள் கொண்டுபோன குற்றம் ஒன்று. நாளைக்கு வேலை மாறி ஊர் திரும்பினால் பதிவு முத்திரையை என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். மரமோ டைட்டானியமோ என்றால் நினைவுப் பொருளாக எடுத்துப் போகலாம். தந்தம் என்றால் இங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், உங்கள் பெயர் செதுக்கிய முத்திரை யாருக்கு உதவும்?

மற்றபடி கடையைப் பற்றிக் குறை என்று சொன்னால் சில்லறைதான். கார்டு எடுத்துக்கொள்வதில்லை, ரொக்கம் கொண்டு போங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடைத்துவிடுவார். செதுக்க ஒரு வாரம் கேட்பார், கார் டெலிவரி தேதி நெருங்கிய பிறகு போய் நிற்காதீர்கள். கூடவே கொடுக்கிற உறை செயற்கைத் தோல், ஜிப் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. டைட்டானியம் குளிர்காலத்தில் தொட்டால் சில்லென்று இருக்கும். சிவப்பு மை அதில் கொஞ்சம் குறைவாகவே ஒட்டும் என்று பெரியவர் சொன்னது உண்மை, ஆனால் முத்திரையை மையில் அழுத்தாமல் லேசாகத் தட்டித் தட்டி எடுத்து, கீழே அவர் இலவசமாகத் தருகிற ரப்பர் அட்டையை வைத்து அழுத்தினால் அச்சு தெளிவாகவே விழுகிறது. வார்டு ஆபீஸில் பதிவு செய்தபோது கவுன்டரில் இருந்தவர் அச்சைப் பார்த்தார், பதிவுப் பெயரோடு ஒப்பிட்டார், பத்து நிமிடத்தில் பதிவு அட்டையைக் கையில் கொடுத்துவிட்டார். முத்திரை எந்தப் பொருளில் செய்தது என்று அவரும் கேட்கவில்லை, படிவத்திலும் அதற்கு இடம் இல்லை.